பக்‌ஷீஷிலேயே கரைந்த ஒரு காலைப்பொழுது

பழைய கெய்ரோவுக்கு டாக்சியில் போகாதீர்கள். தஹ்ரீர் சதுக்கத்தில் ஏறும்போது 'மீட்டர்தான்' என்று தலையாட்டியவர், இறங்கும்போது 300 பவுண்டு கேட்டார். மீட்டரோ ஓடவே இல்லை. கத்திக் கெஞ்சி 200க்கு இறக்கினேன். நம்ம காசுக்கு 350 ரூபாய்ச் சொச்சம், என் அன்றைய சாப்பாட்டுக் காசு. நிமிர்ந்தால் எதிரே மார் கிர்கிஸ் மெட்ரோ ஸ்டேஷன்! தஹ்ரீரிலிருந்து நாலாவது ஸ்டேஷன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரம் விடவில்லை, விடுங்கள்.

நான் போனது பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்துக்கு. காரணம் சாலமன் ஷெக்டர். ருமேனியாவில் பிறந்து, வியன்னா, பெர்லின் என்று படித்து, 1882இல் இங்கிலாந்து வந்து, 1890இல் கேம்பிரிட்ஜில் வாத்தியாரானவர். 1896 மே மாதம், ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கீழைநாட்டுப் பயணத்தில் வாங்கிவந்த ஒரு அழுக்குத் தாளை அவரிடம் காட்டினார்கள். சீராக்கின் ஞானம்! நம் கத்தோலிக்க பைபிளில் இருக்கும், சி.எஸ்.ஐ. நண்பர்கள் வீட்டு பைபிளில் தேடாதீர்கள். எபிரேயத்தில் எழுதிய நூல்தான், ஆனால் அதுவரை கையில் இருந்ததெல்லாம் கிரேக்கம், சிரியாக் மாதிரி மொழிபெயர்ப்புகள். இது எபிரேயம்.

தாள் இந்தக் கூடத்திலிருந்து வந்திருக்கும் என்று ஊகித்து, அந்த டிசம்பரிலேயே மனுஷன் கெய்ரோவில். செலவு சார்ல்ஸ் டெய்லர் என்ற கல்லூரித் தலைவருடையது (எனக்கு அப்படி யாரும் இல்லை). பெண்கள் மாடத்தின் கோடிச் சுவரில் ஒரு ஓட்டை. ஏணி போட்டு ஏறி உள்ளே இறங்க வேண்டும். கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிவைத்த அறை அது, பெயர் கெனிஸா. கல்யாணப் பத்திரம், வியாபாரக் கடிதம், சின்னப் பிள்ளை எழுதிப் பழகிய தாள் எல்லாம் கலந்து கிடந்தன. அச்சடித்ததை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்தை மட்டும் அள்ளினார். தூசி நெஞ்சில் இறங்கி உடம்பு கெட்டது. அவரே எழுதிய இன்னொரு தொல்லை, பக்‌ஷீஷ், அதாவது இனாம்! வேலை செய்தவர், செய்யாதவர், வணக்கம் சொன்னவர் எல்லோரும் கை நீட்டினார்களாம். படித்தது ஞாபகம் வந்ததும் டாக்சிக்காரர் மேல் பாதிக் கோபம் போயிற்று.

மீதிக் கோபத்தைக் கூடத்தில் இருந்த ஒருவர் கிளப்பிவிட்டார். நான் கேட்காமலே மாடத்தைச் சுட்டி 'கெனிஸா, கெனிஸா' என்றார். கை நீண்டது. 50 பவுண்டு. மேலே ஏறவும் விடவில்லை, படமும் எடுக்கக்கூடாது. பளிங்கும் மரவேலையும் அழகுதான். ஆனால் ஒரு அசல் தாள்கூட என் கண்ணில் படவில்லை. சுமார் 1,93,000 துண்டுகள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் சம்மதத்தோடு கொண்டுபோனதுதான், இருந்தாலும் நாலைந்தாவது இங்கே இருக்க வேண்டாமா?

ஷெக்டர் அங்கேயும் நிலைக்கவில்லை. 1902இல் நியூயார்க் போய் ஒரு யூத இறையியல் கல்லூரியை நடத்தி, 1915இல் அங்கேயே காலமானார். கெய்ரோ மூட்டையிலிருந்து 1910இல் அவர் பதிப்பித்த ஒரு நூலின் பழைய பிரதிகள் பிற்பாடு சாக்கடல் குகைகளிலும் அகப்பட்டன.

பசி. கோஷரி! சோறு, பயறு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, கருகக் கருகப் பொரித்த வெங்காயம். பூண்டு போட்ட வினிகரை நானே ஊற்றிக்கொண்டேன், கொஞ்சம் அதிகமாகவே. டாக்சிக்குக் கொடுத்த காசில் நாலு கிண்ணம் சாப்பிட்டிருக்கலாம். கடைப் பையன் மீதிச் சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான், கை நீட்டவே இல்லை. நானாகவே பத்துப் பவுண்டு வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.