வெறும் 2,000 வோல்ட்தானே அண்ணே

"டிவியில 25,000 வோல்ட் அடிச்சே உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. இது வெறும் 2,000 தானே அண்ணே?"

மைக்ரோவேவ் ஓவனிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் அப்போது என் கையில் இருந்தது. கேட்ட பையனுக்கு, பலகையில் மின்சாரம் பாய்ச்சி மின்னல் கிளைவிட்ட மாதிரி கோலம் எரிக்க அது வேண்டுமாம். "உனக்கு அது வேண்டாம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

படக்குழாய் டிவி காலத்தில் ஷாக் அடித்துச் சுவரில் போய் மோதிய கதையை மஞ்சக்குப்பத்தில் என் ரிப்பேர் கடைக்கு வரும் பையன்களிடம் பெருமையாகச் சொன்னது நான்தான். என் கதையை வைத்துத்தான் அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

டிவியில் வோல்ட் அதிகம், ஆனால் கரண்ட் ஓரிரு மில்லி ஆம்பியர்தான். உதறித் தள்ளிவிடும். ஓவன் டிரான்ஸ்பார்மர் அரை ஆம்பியருக்குக் குறையாமல் கொடுக்கும். நெஞ்சு வழியாக 100 மில்லி ஆம்பியர் போனாலே இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். அந்த 2,000 வோல்ட் வரும் மெல்லிய கம்பிச் சுருளின் ஒரு முனை டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கோரோடு சேர்ந்தே இருப்பதால் மறுமுனையில் கை பட்டால் போதும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்க வீட்டிலிருக்கும் ஈஎல்சிபியும் டிரிப் ஆகாது, இந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் இதே வேலையில் பலர் செத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்ல 2 நிமிடம் போதும். ஆனால் சொல்லியிருந்தால், "அப்போ கையுறை போட்டுக்கறேன் அண்ணே" என்றுதான் கேட்டிருப்பான். கொடுக்காமல் விட்டதே சரி என்று அன்று நினைத்தேன்.

சரி, கொடுக்கவில்லை. அப்புறம் என்ன செய்தேன்? உப்புக்காற்றில் பாடி துருப்பிடித்துப்போன மற்ற ஓவன்களோடு அதையும் சாயங்காலமே காயலாங்கடைக்குப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கடைக்காரர் பேச்சுவாக்கில், "ஒரு பையன் வந்து டிரான்ஸ்பார்மரை எடைக்கு வாங்கிட்டுப் போனான்" என்றார். எந்தப் பையன் என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தத் தம்பி அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை.

இப்போதெல்லாம் காயலானுக்குப் போடுமுன் மெல்லிய கம்பிச் சுருளை ரம்பத்தால் அறுத்துவிடுகிறேன். ஒன்றில் மட்டும் அந்த இடத்தில் தடித்த கேபிளை 2 சுற்று சுற்றி, பேட்டரிப் பட்டை ஒட்டும் ஸ்பாட் வெல்டராக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவன் வந்தால் கொடுக்கலாம் என்றுதான்.

போன வாரம் வேறொரு பையன் அந்த டிவி கதையைச் சொல்லச் சொன்னான். சுவரில் மோதிய இடம் வரை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.