புரோ 1 தேர்வு: பனிக்குழியில் முதல் வேலை தெர்மாமீட்டர்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் புரோ 1 பனிச்சரிவுத் தேர்வுக்கு (பனிச்சரிவுப் பணியாளர்களுக்கான முதல்நிலைத் தேர்வு) தயாராகிறவர்களுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும்.

பனியைப் பதிவுசெய்யும் குறியீடுகளைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட, அடுக்குகளைப் பார்க்க வெட்டும் பனிக்குழிக்குள் இறங்கியதும் தடுமாறுகிறார்கள். வேலை வரிசை கைக்குப் பழகாததுதான் காரணம். அந்த வரிசையில் முதலிடம் வெப்பநிலைக்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

புரோப் (நீளமான மடக்குக் கம்பி) குத்திப் பனியின் ஆழம் பாருங்கள். அடியில் புதரோ பாறையோ தட்டினால் இடம் மாற்றுங்கள். சோதனைச் சுவர் நிழலில் இருக்கும்படி வெட்டுங்கள். வெட்டிய நொடியிலிருந்தே சுவர் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு மாறத் தொடங்கும். அடுக்குகளை ரசித்துவிட்டுப் பிறகு அளந்தால் எண் தப்பு. நிழலில் காற்று, பிறகு பனியின் மேற்பரப்பு, அங்கிருந்து 10 செ.மீ.க்கு ஒன்று. இரண்டு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குத்துங்கள். ஒன்று நிலைகொள்வதற்குள் பிரஷ்ஷால் சுவரைத் தடவி அடுக்கு எல்லைகளைக் குறித்துவிடலாம். முதல் நாளே இரண்டையும் பனியும் நீரும் கலந்த கூழில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சான் ஹுவானில் பனி ஆழம் குறைவு, குளிர் அதிகம். மொத்தம் 80 செ.மீ. பனி, மேற்பரப்பு −16, தரை 0 என்றால், சராசரியாக 10 செ.மீ.க்கு 2 டிகிரி. அது 1 டிகிரியைத் தாண்டினாலே பனி மணிகள் ஃபேசட்டாக (ஒன்றோடொன்று ஒட்டாத, பட்டை பட்டையான மணி) மாறத் தொடங்கும். அடியில் டெப்த் ஹோர் (ஃபேசட் முற்றி வளர்ந்த பெரிய மணிகள்) சர்க்கரையாய் உதிர்வது இதனால்தான். "ஃபேசட் என்று ஏன் எழுதினாய்?" என்று தேர்வாளர் கேட்டால், உங்கள் வெப்பநிலைக் கோடுதான் பதில். மணியை லென்ஸில் பார்க்கும்போது மூச்சு படக் கூடாது. மணியை வைக்கும் தட்டை முன்பே பனியில் செருகிக் குளிரவைத்திருங்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்த தட்டில் விளிம்புகள் உருகி, கோடு போட்ட கிண்ண வடிவ மணிகூட உருண்டையாகத் தெரியும்.

அடுக்கின் கடினத்தன்மையை, முஷ்டி, நான்கு விரல், ஒரு விரல் என எது உள்ளே இறங்குகிறது என்பதை வைத்துக் குறிக்கிறோம். கையுறையோடு, எப்போதும் ஒரே மெல்லிய அழுத்தம். பலம் காட்டினால் நான்கு விரல் அடுக்கிலும் முஷ்டி இறங்கிவிடும்.

சோதனைகள்:

- சிடி (கம்ப்ரஷன் டெஸ்ட், அழுத்தச் சோதனை): 30×30 செ.மீ. பனித்தூண், மேலே மண்வெட்டி. கையை மணிக்கட்டு, முழங்கை, தோளிலிருந்து அசைத்து 10, 10, 10 தட்டு. எத்தனையாவது தட்டில் முறிந்தது என்ற எண்ணோடு முறிவின் தன்மையையும் எழுதுங்கள்.
- ஈசிடி (எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட், நீள்தூண் சோதனை): சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30. மண்வெட்டி ஒரு முனையில். முறிவு தொடங்கிய அதே தட்டிலோ அடுத்ததிலோ தூண் முழுக்க ஓடினால் 'பி' (P), இல்லையென்றால் 'என்' (N). எத்தனையாவது தட்டு என்பதைவிட இந்த எழுத்துதான் முக்கியம். எல்லோரும் மண்வெட்டியையே பார்க்கிறார்கள். கண் மறுமுனையில் இருக்கட்டும். பின்பக்க வெட்டு பலவீன அடுக்குக்குக் கீழே வரை போகாவிட்டால் முடிவு செல்லாது.
- பிஎஸ்டி (ப்ரோபகேஷன் சா டெஸ்ட், ரம்பச் சோதனை): 30 செ.மீ. அகலம், மேல்நோக்கி 100 நீளம், பலவீன அடுக்கு 100க்கும் ஆழத்தில் இருந்தால் நீளமும் அந்த ஆழம். ரம்பத்தின் மொட்டை விளிம்பைப் பலவீன அடுக்கு வழியே மேல்நோக்கி இழுங்கள். 35/100 எண்ட், அதாவது 35 செ.மீ. வெட்டியதுமே முறிவு தூணின் கடைசிவரை ஓடியது என்றால், கவலைப்பட வேண்டிய அடுக்கு.

ஒவ்வொன்றையும் அடுத்ததைத் தொடும் முன் எழுதிவிடுங்கள். கையுறையோடு பென்சில் பிடித்து எழுத வீட்டிலேயே பழகுங்கள், பேனா உறைந்துவிடும்.

புதைந்தவரைத் தேடி எடுக்கும் மீட்புத் தேர்வில் பலர் அவசரத்தால் தோற்கிறார்கள். போனை அணையுங்கள், தேடும்போது டிரான்ஸீவரிலிருந்து (புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கும் கருவி) 50 செ.மீ. தள்ளியிருக்கட்டும். கடைசி 3 மீட்டரில் கருவி பனியை ஒட்டி, திருப்பாமல், மெதுவாக. புரோப் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக. தட்டுப்பட்டதும் பிடுங்காதீர்கள். புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள்.