கேட் மாக் டெஸ்டில் 28 மார்க்: எங்கிருந்து தூக்குவது?

காட்பாடி, பாகாயம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்கு முதல் முழு மாக் டெஸ்டை (மாதிரித் தேர்வை) எழுதிவிட்டு 100-க்கு 28 என்று வந்து நிற்பது சாதாரணம். உடனே ‘பாடமே தெரியலை’ என்று முடிவுகட்டி, முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கக் கிளம்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த 28 எப்படி வந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கேட் தேர்வில் 65 கேள்வி, 180 நிமிஷம். நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகளுக்கு மட்டும்தான் மைனஸ். 1 மார்க் கேள்வி தப்பினால் ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கும், 2 மார்க் கேள்வி தப்பினால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும். 28 வந்த தாள் ஒன்று இப்படி இருக்கலாம்: சரியான விடை 1 மார்க்கில் 15, 2 மார்க்கில் 11. ஆக 37. தப்பு இரண்டிலும் ஒன்பது ஒன்பது. அதில் 3-ம் 6-மாக 9 மார்க் போச்சு. அந்தப் பதினெட்டுக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாலே 37 வந்திருக்கும். புதிதாக ஒரு வரி படிக்க வேண்டியதில்லை.

அதற்காக ஊகமே கூடாது என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குத்தினால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்து மூன்றில் ஒன்றைக் குத்தினால், 1 மார்க் கேள்விக்குச் சராசரி லாபம் ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. எந்த விடையை ஏன் நீக்கினோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்பதுதான் அளவுகோல். ‘இது இல்லைன்னு தோணுது’ என்பது நீக்கியதாகாது. எண்ணை நாமே உள்ளிடும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடிய கேள்விக்கும் மைனஸ் கிடையாது, அவற்றைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ஆனால் பல விடைக் கேள்வியில் பாதி மார்க் கிடையாது. எல்லாச் சரியான விடையையும் குறித்திருக்க வேண்டும், தப்பானது ஒன்றுகூட சேரக்கூடாது.

அடுத்தது தப்பு நோட்டு. 40 பக்க நோட்டு ஒன்று போதும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பாடம், செலவான நிமிஷம், காரணம், சரியான முதல் படி என நான்கு கட்டம். காரணத்தை நான்கே வகையில் அடக்குங்கள்: தெரியாது, கணக்கில் சறுக்கல், கேள்வியைத் தப்பாகப் படித்தது, நேரம் போதவில்லை. பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை எழுதினால் அந்த நோட்டால் பயனே இல்லை. ‘மில்லிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை’ என்று எழுதினால்தான் அடுத்த முறை கை தானாக நிற்கும்.

எண் உள்ளிடும் கேள்விகளில் பாடம் தெரிந்தவர்களையும் கவிழ்ப்பது திரையில் உள்ள கால்குலேட்டர். சொந்தக் கால்குலேட்டரை உள்ளே விடமாட்டார்கள். திரையில் உள்ளதில் சைன் 30 வேண்டுமானால் முதலில் 30, பிறகு சைன் பொத்தான். கைக் கால்குலேட்டரில் பழகிய விரல் இதைத் தலைகீழாகத்தான் செய்யும். மேலே டிகிரி, ரேடியன் என்ற இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்பதும் முக்கியம். ரேடியனில் இருந்தால் 0.5 வர வேண்டிய இடத்தில் −0.988 வரும். சைனில் மைனஸ் கண்டதும் பதறி, சூத்திரமே தப்போ என்று ஐந்து நிமிஷத்தைக் கரைப்பவர்கள் உண்டு. வீட்டில் போடும் ஒவ்வொரு கணக்கையும் இன்றிலிருந்தே அந்தத் திரைக் கால்குலேட்டரில், மவுஸால் மட்டும் போடுங்கள். செல்போனில் மாக் டெஸ்ட் எழுதுவது இதற்கு உதவாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் கல்லூரி லேபையோ பிரவுசிங் சென்டரையோ மூன்று மணி நேரத்துக்குப் பிடியுங்கள். பராமரிப்பு மின்தடை உள்ள நாளா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மார்க் சீக்கிரம் ஏறுகிற இடம் பொதுத் திறன் பகுதி. 10 கேள்வி, 15 மார்க். பெரும்பாலான தாள்களில் இன்ஜினியரிங் கணிதம் 13 மார்க் அளவுக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் 28. தினம் 40 நிமிஷம், ஆறு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். முக்கியப் பாடங்களில் புதிய அத்தியாயம் திறப்பது அதற்குப் பிறகு.

தேர்வு நேரத்தை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 20 நிமிஷம் பொதுத் திறன். அடுத்த 75 நிமிஷத்தில், பார்த்ததும் வழி தெரிகிற கேள்விகள் மட்டும். ஒரு கேள்வியில் மூன்று நிமிஷம் தாண்டியும் பாதை தெரியவில்லையென்றால் குறித்துவிட்டு நகருங்கள். அடுத்த 70 நிமிஷம் குறித்து வைத்தவற்றுக்கு. கடைசி 15 நிமிஷம் எண் விடைகளின் அலகையும், எத்தனை தசம இடம் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சரிபார்க்க.

வாரத்துக்கு ஒரு முழு டெஸ்டுக்கு மேல் வேண்டாம். குடியாத்தம், ஆற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு ஞாயிறு காலை 9.30 சரியான நேரம், காலைத் தேர்வு தொடங்குவதும் அப்போதுதான். மூன்று மணி நேரம் எழுதினால் அதை அலச ஐந்து மணி நேரம் ஆகும். தப்பு நோட்டில் ஏறிய கேள்விகளை விடையைப் பார்க்காமல் மறுபடி போட்டு முடித்த பிறகுதான் அடுத்த டெஸ்ட். கடைசி மூன்று ஆண்டுப் பழைய தாள்களைத் துண்டு துண்டாகப் பார்த்துக் கெடுத்துவிடாமல் ஜனவரிக்கு எடுத்து வையுங்கள். ஒரு டெஸ்டில் 36, அடுத்ததில் 31 என்று இறங்கினால் கலங்க வேண்டாம். தாள் கடினமாக இருந்திருக்கலாம். அந்த இரண்டிலும் மைனஸில் போனது எவ்வளவு என்று மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 9 என்பது 4 ஆகியிருந்தால் வேலை நடக்கிறது.