பக்கவாத்தியத்திலிருந்து செகண்ட் வயலினுக்கு

கர்நாடக வயலின் வாசிக்கும் பிள்ளைகள் சிலர் மேற்கத்திய ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவில் சேர என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். "உங்களுக்கு என்னக்கா, ஏற்கெனவே வயலின் தெரியுமே" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வாத்தியம் ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. வாத்தியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நான் மயிலாப்பூரில் ஒரு மாமியிடம் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொண்டவள். ஆகாசவாணியில் 'பி ஹை' கிரேடு. மார்கழியில் மதியக் கச்சேரிகள், பரதநாட்டிய நிகழ்ச்சிகள், மற்ற மாதங்களில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்தால் கச்சேரி வருமானம் படுத்துவிடும். சினிமா ரெக்கார்டிங்குக்கு ஆள் தேடும்போது கேட்கும் முதல் கேள்வி, "ஸ்டாஃப் நோட்டேஷன் படிப்பீங்களா?" அதாவது, ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு. தெரியாது என்றால் அதோடு சரி. ஸ்டுடியோவில் காகிதத்தை ஸ்டாண்டில் வைத்தவுடன் வாசித்தாக வேண்டும். கேட்டுக் கற்றுக்கொள்ள அங்கே யாரும் நேரம் தரமாட்டார்கள். நான் இந்தப் பக்கம் வந்தது அதற்காகத்தான், பாக் போன்ற மேற்கத்திய இசையமைப்பாளர்கள் மீது உள்ள காதலால் அல்ல. காதல் பின்னால் வந்தது.

புரசைவாக்கத்தில் மேற்கத்திய வயலின் சொல்லித்தரும் ஒரு சாரிடம் சேர்ந்தேன். முதலில் நிற்கச் சொன்னார். நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். வாத்தியத்தைப் பாதமும் மார்பும் தாங்குவதால் இடதுகை சும்மா இருக்கிறது, மேலும் கீழும் தாராளமாக ஓடலாம். நின்று வாசிக்கும்போது தாடையும் தோளும் தாங்க வேண்டும், கை ஒவ்வொரு 'பொசிஷனுக்கும்' கணக்காகத் தாவ வேண்டும். விரல் வழுக்குவதற்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பார்த்த சார் ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியை நீட்டினார்.

சுருதி அடுத்தது. நமக்கு தந்திகள் ச-ப-ச-ப. பாடுபவரின் சுருதி ஒரு கட்டை என்றால் ஒரு கட்டை, ஐந்து என்றால் ஐந்து. அங்கே ஜி-டி-ஏ-இ, யார் வந்தாலும் அதுதான். ஒரே வயலினைக் காலையில் கச்சேரிக்கு இறக்கி, மாலையில் ஒத்திகைக்கு ஏற்றினால் தந்தியும் நிற்காது, சுருதியும் நிற்காது. எனவே இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நான் இரண்டாவதை அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் வாங்கினேன். 1842இல் தொடங்கிய கடை. தந்தி, ரோசின், தேர்வுப் புத்தகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, விடுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். எனக்கு அது அவ்வளவு படுத்தவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை மாமி சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளில் அமைந்தவை, எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், அசைவே கிடையாது. மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதே ஸ்வரங்கள்தான், விரல் அதை அங்கேயே பார்த்துவிட்டது. ஹார்மானிக் மைனர் கீரவாணி, நேச்சுரல் மைனர் நடபைரவி. இதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபடும்.

பிடிபடாதது ஷட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான 'ச'. டி மேஜரில் தொடங்கும் ஒரு பகுதி நடுவில் ஏ மேஜருக்குப் போகும். அதுவரை பஞ்சமமாக இருந்தது திடீரென்று ஷட்ஜமாகிவிடும், கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பும். தம்புராவோடு வளர்ந்த காது இதற்குச் சம்மதிக்காது. சார் சொன்ன வழி, ஸ்வரப் பெயரை மனதில் சொல்லாமல் காகிதத்தில் உள்ள கோடுகளையும் விரலையும் மட்டும் இணைப்பது. நான் இன்றைக்கும் ரகசியமாக ச-ரி-க சொல்லிக்கொள்கிறேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம் தேர்வு. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் கிரேடு 5 நேரடியாக எழுதினேன். முந்தைய கிரேடுகள் முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று உருப்படிகளுக்குத் தலா 22 மதிப்பெண், ஸ்கேல் முதலிய பயிற்சிகளுக்கு 14, மீதி 20 இரண்டு துணைச் சோதனைகளுக்கு. 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். துணைச் சோதனையில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கிரேடு 5 வரை சைட் ரீடிங்கை, அதாவது முன்பின் பார்க்காத காகிதத்தைப் பார்த்தவுடன் வாசிப்பதை, தவிர்த்துவிட்டு, காதைச் சோதிக்கும் 'ஆரல்' முதலியவற்றை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு ஆரல் அல்வா. சார் விடவில்லை. "ஆறிலிருந்து அது கட்டாயம்மா, இப்பவே பழகிக்கோ" என்றார். தேர்வறையில் தெரியாத காகிதத்தைக் கொடுத்து அரை நிமிடம் பார்க்க விடுவார்கள். அந்த அரை நிமிடத்தில் ஷார்ப், ஃப்ளாட், தாளக்குறி, எங்கே கை இடம் மாறுகிறது, இவ்வளவுதான் பார்க்க முடியும். மெட்டு எப்படிப் போகும் என்று மனதில் பாடிப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். மாறுபட்ட இரண்டு உருப்படிகள், மூன்று ஸ்தாயியில் ஜி மேஜர் ஸ்கேல், சைட் ரீடிங். வயலின்காரர்களின் இரண்டாவது அணியான செகண்ட் வயலினில் கடைசி ஸ்டாண்டில் இடம் கொடுத்தார்கள்.

வேப்பேரியில் ஒரு ஹாலில் ஒத்திகை. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். வெளிப்பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருக்க, உள்பக்கம் இருப்பவர் பக்கம் திருப்ப வேண்டும். என் ஸ்டாண்டைப் பகிர்ந்தவர் இதில் பல வருஷம் ஊறிய ஒரு அங்கிள், சட்டைப் பையில் எப்போதும் பென்சில். வில்லை எங்கே மேலே, எங்கே கீழே இழுப்பது என்று முன்வரிசையிலிருந்து உத்தரவு வந்ததும் குறித்துவிடுவார். கச்சேரியில் என் வில் என் இஷ்டம். இங்கே ஒரு வில் மட்டும் எதிர்த்திசையில் போனால் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும்.

சில ஒத்திகைகள் கழித்து அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, நீ கேட்டு வாசிக்கிற. கேட்காதே, பார்த்து வாசி."

யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. பக்கவாத்தியக்காரிக்குப் பயிற்சியே பாடகரின் பின்னால் போவது. ஆலாபனையில் அவர் எங்கே போகிறார் என்று காதால் பிடித்து, ஒரு மயிரிழை தள்ளி, நிழல் மாதிரி தொடர வேண்டும். முந்தினால் மரியாதை இல்லை. எவ்வளவு நெருக்கமாகத் தொடர்கிறோமோ அவ்வளவு பெயர். ஆர்கெஸ்ட்ராவில் அதே மயிரிழைதான் தாமதம். எனக்கு முன்னால் இருப்பவர்களின் ஒலி வந்த பிறகு நான் வாசித்தால் கடைசி ஸ்டாண்ட் மொத்தமும் இழுக்கிறது. கண்டக்டரின் கோல் கீழே வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும், காகிதத்தில் கண் ஒரு பார் (ஒரு தாளக் கட்டம்) முன்னால் இருக்க வேண்டும். இவ்வளவு வருஷம் எனக்குச் சோறு போட்ட காதை அடக்குவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது, விரலுக்கு அல்ல.

தாளம் மட்டும் காப்பாற்றியது. பன்னிரண்டு பார் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் உதட்டுக்குள் எண்ணுவார்கள். நாலு நாலாகப் போவது என்றால் எனக்கு அது ஆறு ஆவர்த்தனம் ஆதி தாளம். செருப்புக்குள் கட்டைவிரலால் போட்டுக்கொள்வேன். அங்கிளே என்னைப் பார்த்துத்தான் வயலினைத் தூக்க ஆரம்பித்தார்.

இதில் சம்பளம் உண்டா என்றால், முழுநேர உத்தியோகமாக நினைத்து வராதீர்கள். 2006இல் மும்பையில் தொடங்கிய சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற தொழில்முறைக் குழு சென்னையில் இல்லை. எனக்கு ஒத்திகைக்குப் போக்குவரத்துச் செலவு, நிகழ்ச்சிக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். பலன் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. குழுவில் இருப்பவர்கள் வழியாக ரெக்கார்டிங், கல்யாண வரவேற்பில் குவார்ட்டெட், சர்ச் நிகழ்ச்சி என்று கூப்பிடுகிறார்கள். சிக்கல் டிசம்பர்தான். சபாக்களும் சர்ச்சுகளும் ஒரே மாதத்தில் கூப்பிடும், கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகையும் மதியக் கச்சேரியும் ஒரே நாளில் விழும். அக்டோபரிலேயே இரண்டு பக்கமும் தேதி கேட்டு வாங்கிவிடுகிறேன். எதில் முதலில் கையெழுத்தோ வாய்ச்சொல்லோ கொடுத்தேனோ அதுதான், பெரிய வித்வானே கூப்பிட்டாலும் மாற்றுவதில்லை. மாமிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடு என்று போன மாதம் தன் பேத்தியை என்னிடம் அனுப்பியிருக்கிறார்.