கடைசி மடக்கு

மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் ஒரு டீக்கடை. பக்கத்தில் குளச்சல்காரர் ஒருத்தர். பாட்டில் தண்ணியில் கடைசி ஒரு மடக்கை மட்டும் விட்டுட்டு, மூடியை இறுக்கி மடியில் வெச்சுக்கிட்டார்.

"அதையும் குடிக்கலாமே அண்ணே?"

"ஒருக்கா வள்ளம் கவுந்து, காலி டீசல் கேனைக் கட்டிப்பிடிச்சு ராத்திரி முழுக்கக் கெடந்தேன் மக்களே. அப்போலேருந்து பழக்கம்."

நீந்தவே இல்லையாம். "நீந்துனா களைச்சிரும். கெடக்கணும்."

சுத்தி அவ்வளவு தண்ணி. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குடிச்சா, அந்த உப்பை வெளியேத்த சிறுநீரகம் குடிச்சதைவிட அதிகத் தண்ணியை உடம்புலேருந்து எடுத்துரும்.

1942-ல் கப்பல் மூழ்கி, பூன் லிம் என்ற சீன மாலுமி தனியா ஒரு மிதவையில் 133 நாள் கிடந்தார். மழைத்தண்ணி பிடிச்சு, டார்ச் லைட் கம்பியில் தூண்டில் வளைச்சு.

அண்ணன்கிட்ட சொன்னேன்.

"133-ஆ?" டீயை ஆத்திக்கிட்டே யோசிச்சார். "எனக்கு விடியுறதுக்கே அவ்வளவு நாள் ஆச்சு."