தண்ணி ஏறட்டும்

“மறுபடியும் முதல்லேருந்தா தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார். “ஆமாம்மா, சத்தம் விழுந்திடுச்சு” என்றேன். நடந்தது இவ்வளவுதான். 2018 டிசம்பர் முதல் வாரம், பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். கஜா புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்றைக்கும் ஒரு பேட்டிக்கு ஹெட்போனை மாட்டினால் முதலில் அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் லொக்கேஷன் சவுண்ட் ஆள். படம் எடுக்கிற இடத்திலேயே பேச்சையும் சத்தத்தையும் பதிவு செய்கிறவன். ஒரு மாதம் விளம்பரப் படம், அடுத்த மாதம் வெப் சீரிஸ், நடுவில் கம்பெனி ஆண்டு விழா. தமிழ் சினிமாவில் வசனத்தைப் பெரும்பாலும் டப்பிங்கில்தான் பேசுகிறார்கள். அதனால் எனக்குச் சோறு போடுவது இந்தச் சின்ன வேலைகள்தான். பொங்கல் முடிந்தால் தொண்டு நிறுவனப் படங்கள் வரிசையாக வரும். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. மார்ச் 31க்குள் செலவைக் காட்டும்போது கூடவே ஒரு படமும் கேட்பார்கள். சம்பளம் பாதிதான். ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவேன். மைக்கைப் பிடித்ததற்கு ஒரு அர்த்தம் இருப்பதாக அங்கேதான் தோன்றும். பேராவூரணிப் படமும் அப்படித்தான். புயல் நிவாரணத்துக்கு நன்கொடை கேட்டு நான்கு நிமிடப் படம்.

அந்த அம்மாவின் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்திருந்தது. அன்று ராத்திரி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இருட்டில் ஒன்றும் தெரியாமல், மரம் விழும் சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாராம். “ஒண்ணு… ரெண்டு…” என்று விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டார். சத்தத்தோடேயே வாழ்கிற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதினொன்றோ பன்னிரண்டோ சொல்லும்போது தெருக்கோடியில் ஜெனரேட்டர் கிளம்பியது. ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை என்று தலையசைத்திருந்தால் அந்த அம்மா எண்ணி முடித்திருப்பார். நான் அசைக்கவில்லை. நானே போய் ஜெனரேட்டரை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் என்ற மரியாதையாக இருக்கலாம். எங்களால் ஏதாவது கிடைக்கும் என்ற நினைப்பாகவும் இருக்கலாம்.

இரண்டாவது தடவை பாதி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். விரல் மடக்கவில்லை. “எல்லா மரமும் விழுந்திடுச்சு” என்று ஒரே வரி. கேமரா பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். கேட்டவன் நான்தானே.

அன்று ராத்திரி லாட்ஜில் கார்டைக் காப்பி செய்தபோது ஒன்று தெரிந்தது. நான் ஜெனரேட்டர் பக்கம் போயிருந்த நேரத்தில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த அம்மாவின் சேலையில் குத்தியிருந்த லேப்பல் மைக்கில், அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசியது விழுந்திருந்தது: “தண்ணி ஏறட்டும்னு சொல்லுடி. நான் அப்புறமா சொல்லிக்கிறேன்.” அந்தப் பெண் எங்களிடம் வந்து சொல்லவில்லை. சொல்லத் தயங்கியிருப்பாள். என் காதுக்கென்று பேசாத பேச்சு அது. ஆனால் கேட்டுவிட்டேன்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அடுத்த ஊரில் இன்னொரு குடும்பம் காத்திருந்தது என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மை. தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்பதும் உண்மை. சத்தம் சுத்தமாக இல்லாவிட்டால் அவர் பேச்சே படத்தில் வராமல் போகும் என்று பயந்தேன். கடைசியில் எடிட்டர் முதல் டேக்கைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெனரேட்டர் ஓடுகிறது, மேலே மியூசிக், கீழே சப்டைட்டில். யாருக்கும் உறுத்தவில்லை. இரண்டாவது டேக்கை யாரும் தொடவில்லை.

அப்படியானால் எதற்காக அவரை மறுபடியும் அந்த ராத்திரிக்குள் அனுப்பினேன்? வேலை பழக்கம் என்று சொல்லலாம். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அதற்குப் பிறகு, கஷ்டத்தைச் சொல்கிறவர்களை நடுவில் நிறுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சில வருடம் அது சரியாகத்தான் இருந்தது. போன வருடம் சிறுநீரக டயாலிசிஸ் உதவி பற்றி ஒரு படம். ஒரு பையனின் அம்மா பேசும்போது பக்கத்து அறையில் சுவரில் டிரில் போட ஆரம்பித்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை. அவர் அழுதுகொண்டே பேசி முடித்தார். அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியவில்லை. அவர் பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டார்கள்.

திரையிட்ட அன்று சொந்தக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் முடிந்து விளக்கு போட்டதும் என்னிடம் வந்து, “நான் சரியாப் பேசலையா சார்?” என்றார்.

சத்தம்மா, என்று ஆரம்பித்தேன். மேலே வார்த்தை வரவில்லை.