ஏஞ்சல்ஸ் ஷேரும் எங்க ஊரு விடிலியும்

கிலியன் பிராண்டோட ஏஞ்சல்ஸ் ஷேர் சென்ட்டுக்கு யாரு ரிவ்யூ போட்டாலும் ஆப்பிள் பை வாசம், ஆப்பிள் பை வாசம்னுதான் சொல்றாங்க. ஆப்பிள வச்சு சுடுற அந்த மேனாட்டுப் பலகாரத்த நான் போட்டோல பாத்ததோட சரி. சாயல்குடி பக்கம் பொறந்த மூக்கைக் கேட்டீங்கன்னா அது விடிலிக்குள்ள, அதாவது கருப்பட்டி காய்ச்சுற ஓலைக் குடிசைக்குள்ள, பதனி கொதிச்சு கருப்பட்டி பதத்துக்கு வர்ற நேரத்து வாசம், கூட கொஞ்சம் பட்டை தட்டிப் போட்டிருக்கு, அவ்வளவுதான்.

பாட்டில் எப்படி கைக்கு வந்துச்சுன்னா, கீழக்கரை கூட்டாளி துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்ப கொண்டாந்தான், அவனுக்கு யாரோ கிஃப்ட்டா குடுத்தது. "பிராந்தி வாசம்னு போட்டிருக்கான், இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிடா பள்ளிவாசலுக்குப் போறது, நீயே வச்சுக்க"ன்னு தள்ளி விட்டுட்டான். அவன் எப்பவும் ஊது அத்தர், அதான் அகில் கட்டை வாசம், அந்த ஆளு.

கிலியன் ஹென்னெஸி, பிரான்ஸ்ல கோன்யாக்ங்கிற பிராந்தி வடிக்கிற ஹென்னெஸி குடும்பத்துப் பேரன். அந்தக் கம்பெனி 1765ல ஆரம்பிச்சது. இவரு 2007ல சென்ட் பிராண்ட் தொடங்கி, 2016ல எஸ்டீ லாடர்ங்கிற அழகுசாதனக் கம்பெனிகிட்ட வித்துட்டாரு, இந்த சென்ட் வந்தது 2020ல. திராட்சை ஒயினை செம்புக் கொப்பரையில ரெண்டு தடவ வடிச்சு ஓக் மரப் பீப்பாயில வருஷக்கணக்கா போட்டு வைப்பாங்க, அதுல வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியா போயிரும், அது தேவதைங்களுக்குப் போற பங்காம், அதான் பேரு. அந்த ஆவிய தின்னே வளர்ற ஒரு பூஞ்சை குடோன் சுவரு கூரை எல்லாத்தையும் கறுப்பாக்கிரும். எங்க விடிலி ஓலையும் கறுப்புதான், அது புகை.

எங்க கணக்குல தேவதைங்க பங்கு 2 சதவீதம் இல்லங்க, முக்கால்வாசிக்கு மேல! எட்டு பத்து லிட்டர் பதனி காய்ச்சுனாதான் ஒரு கிலோ கருப்பட்டி, மிச்சம் பூரா ஆவி. தாத்தா விடியறதுக்குள்ள ஏறி இறக்கிருவாரு, அப்பத்தா பனை மட்டையப் போட்டு எரிச்சுக்கிட்டே இருக்கும், பொங்கி வந்தா ஆமணக்கு விதைய நசுக்கி துளி போடும், அப்படியே அடங்கிரும். கடைசில துடுப்புல இருந்து ஒரு சொட்டு எடுத்து தண்ணில விட்டுப் பாக்கும், கரையாம உருண்டு நின்னா உடனே இறக்கி சிரட்டையில ஊத்தணும், கொஞ்சம் விட்டா அடிப்பிடிச்சுரும். அந்த லேசா அடிப்பிடிக்கப் போற வாசம் இருக்கு பாருங்க, சென்ட் அடிச்சு அரை மணி நேரம் கழிச்சு சட்டைக் காலர்ல அதுதான் நிக்குது. டோங்கா பீன், பிராலின், வெனிலான்னு நோட்ஸ்ல, அதான் வாசனைப் பட்டியல்ல, போட்டிருக்கான், போட்டுக்கட்டும்.

பிராந்தி வாசம் அடிச்ச உடனே சில நிமிஷம்தான். பரம்பரை சாராயக் கதைய வச்சு விக்கிறாங்க, உள்ள இருக்குறது மிட்டாய்க்கடை. எனக்கு அது குறை இல்ல, ஆனா கதைய நம்பி வாங்குறவங்க ஏமாறுவாங்க. ஒரே பாளை, ஒரே கலயம், உள்ள சுண்ணாம்பு தடவுனா பதனி, தடவலேன்னா கள்ளு, அந்தக் கள்ளுக்கு 1987ல இருந்து தடை. அவங்க வீட்டு வடிப்பு கண்ணாடி கிளாஸ் மாதிரி பாட்டில்ல ஷோரூமுக்குப் போகுது, பனையேறி பேரன் நான் தாத்தா தொழில ஊர்ல சொன்னா "கள்ளு இறக்குனாரா"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. போங்கடா.

சரி, போடலாமா? நம்ம கடற்கரைப் பக்கம் பகல்ல வேணவே வேணாம். சித்திரை வெயில்ல, அந்த உப்புக்காத்து கசகசப்புல ரெண்டு ஸ்ப்ரே அடிச்சுட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுனேன், பக்கத்து சீட்டு அக்கா ஜன்னலைத் திறந்துருச்சு. மார்கழி தை ராத்திரி, கல்யாண வீடு, அதுக்கு ஒரு ஸ்ப்ரே போதும், மறுநாள் வரைக்கும் சட்டையில இருக்கும்.

காசு குடுத்து வாங்குவேனான்னா மாட்டேன், விலை அப்படி. லத்தாஃபா கம்ரான்னு துபாய் சென்ட் ஒன்னு இதே ஜாடையில வருது, பேரீச்சம்பழம் தூக்கலா இருக்கும், விலையும் ரொம்பக் கம்மி. அதை வாங்கியாரச் சொல்லி கூட்டாளிக்கு மெசேஜ் போட்டாச்சு, இன்னும் ப்ளூ டிக் வரல.